ரொட்டியின் அடிப்பக்கம்

ஜெர்மனியில் மகன் வீட்டில் இருந்த நாளெல்லாம் கனகபாயை உறுத்தியது ஒன்றுதான். மருமகள் வெரேனா சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடுவதில்லை, ஒரு ஸ்தோத்திரம் சொல்வதில்லை. முதுகைக் காட்டி நின்று, ரொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கத்தி முனையால் அடியில் எதையோ சுரண்டிவிட்டு வெட்ட ஆரம்பித்துவிடுவாள். கருகலைச் சுரண்டுகிறாள் என்று கனகபாய் நினைத்துக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள், பொறுக்கமாட்டாமல் மகனிடம் சொல்லியும்விட்டாள்.

"ஏல ஆல்வின், ஜெபமில்லாத கையால இத்தன நாளும் தின்னுட்டுப் போறேம்ல."

"மெதுவாம்மா, அவளுக்குத் தமிழ் புரியும். அவ ஊர்ல அது வேற மாதிரி..."

"என்ன வேற மாதிரி? ஆண்டவர் ஒருத்தர்தான? நீ சும்மா கெட."

அடுப்படியில் வெரேனாவின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மீண்டும் சுரண்டியது.

மறுநாள் விமான நிலையத்தில், தான் சுட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி மாமியார் கையில் கொடுத்தாள். "மாமாவுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பாளையங்கோட்டை வீட்டில் துணியைப் பிரித்தபோது ரொட்டி மேஜையில் கவிழ்ந்து விழுந்தது. அதன் அடிப்பக்கத்தில், மாவு படிந்த கருத்த தோலில், கத்தி முனையால் கீறிய சிறு சிலுவை.

"என்ன, பாத்துக்கிட்டே நிக்க? ஜெபம் பண்ணிட்டு வெட்டு, பசிக்குல்லா" என்றார் கணவர்.

கனகபாய் கண்ணை மூடினாள். எப்போதும் தடையில்லாமல் வரும் ஜெபம் வரவில்லை. அங்கே இப்போது காலைச் சாப்பாட்டு நேரம். வெரேனா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருப்பாள்.