கோட்டின்மேல் ஒரு குதிகால்

நீல அணியின் கோல்கீப்பர் பாய்ந்து விழுந்து கடைசிப் பெனால்டியைத் தட்டிவிட்டாள்.

அவளுடைய அணிப் பெண்கள் கத்திக்கொண்டே ஓடிவந்து அவள்மேல் விழுந்தார்கள். கோப்பை அவர்களுக்குத்தான், வீடியோ அறையிலிருந்து மறுப்பு வராத வரைக்கும்.

ஜன்னல் இல்லாத அந்த அறையில் வீடியோ நடுவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். வரவேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் காலையில்தான் இந்த வேலை இவர் தலையில் விழுந்தது.

கோல்கீப்பரின் காலை மட்டும் பெரிதாக்கச் சொன்னார். பக்கத்திலிருந்த ஆபரேட்டர் பெரிதாக்கினார்.

பந்தை உதைக்கும் நொடியில் கோல்கீப்பரின் ஒரு காலாவது கோட்டின்மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் தடுத்தது செல்லாது, மறுபடி அடிக்க வேண்டும்.

ஒரு ஃப்ரேமில், உதைப்பவளின் பூட் பந்தைத் தொட மயிரிழை பாக்கி. கோல்கீப்பரின் குதிகால் கோட்டில் இருந்தது.

அடுத்த ஃப்ரேமில் பந்து கிளம்பியிருந்தது. குதிகால் கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் இருந்தது.

நடுவில் நடந்தது எந்தக் கேமராவிலும் இல்லை.

ஆறு முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். என்ன ஆச்சு என்று மைதான நடுவர் இரண்டாவது தடவையாக ஹெட்செட்டில் கேட்டார்.

சந்தேகம் என்றால் மைதானத்தில் எடுத்த முடிவுதான் நிற்கும். எத்தனையோ பேருக்கு அவரே வகுப்பெடுத்துச் சொன்னது அது.

"முன்னாடி வந்துட்டாங்க. மறுபடி அடிக்கச் சொல்லுங்க."

ஆபரேட்டர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நமக்கெதற்கு வம்பு என்று திரையைப் பார்த்துக்கொண்டார்.

மறுபடி அடித்தது வலைக்குள் போனது. ஆட்டம் சமமானது. அடுத்த சுற்றில் நீல அணிக்காரி பந்தை வானத்துக்கு அடித்தாள். எதிரணி பிசகாமல் அடித்தது.

கோல்கீப்பர் கையுறைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் திரையை அணைக்கச் சொன்னார்.

காருக்குள் போய் உட்கார்ந்தவருக்குச் சாவியைத் திருகத் தோன்றவில்லை. போன் அடித்தது. எடுத்தார்.

"அப்பா, என் கால் கோட்டுலதாம்பா இருந்துச்சு."

அவர் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அணிப் பட்டியலில் அவள் பெயரோடு இருந்தது அவள் அம்மாவின் பெயர். அதனால் உங்கள் மகளா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகக் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். மகளின் ஃபைனலைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆசை வாயைக் கட்டிப்போட்டது. ஆனால் அந்த இரண்டு ஃப்ரேம்களுக்கு முன்னால் ஆசையெல்லாம் வடிந்து, பயம் மட்டும் மிஞ்சியது. நாளைக்கு விஷயம் வெளியே வந்தால், அப்பன் மகளைக் காப்பாற்றினான் என்று ஒருத்தர் வாயிலும் வந்துவிடக் கூடாது.

அதற்காகத்தான் இரண்டாவது ஃப்ரேமைக் கணக்கில் எடுத்தார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"வீடியோ ரூம்ல இன்னிக்கு யாருப்பா இருந்தாங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன.

"தெரிஞ்சவன்தாம்மா" என்றார்.