ஒரு ஃபிரிட்ஜுக்கு மட்டும்

“நிமிஷத்துக்கு ஒருக்க ‘இருக்கியா, இருக்கியா’ண்ணு கேட்டா அந்த மிஷினுக்குச் சடைப்பும் சலிப்பும் வராதா அம்மா?” என்று பிஜியின் மகள் சுமி ஒருமுறை கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பிஜியின் கம்ப்யூட்டர் அங்குள்ள எல்லாக் கருவிகளையும் அப்படித்தான் விசாரித்துக்கொண்டிருந்தது. பதில் வராவிட்டால் மணி அடிக்கும். புதுக் கட்டடம் வந்ததும் கருவிகள் பெருகின; இந்த விசாரிப்பே நெட்வொர்க்கை அடைத்தது.

“எல்லாத்தையும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்க ஆக்கு,” என்றார் புதிதாக வந்திருந்த மேலாளர் பொன்னப்பன்.

பிஜி மாற்றினாள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.

“ரத்த வங்கி ஃபிரிட்ஜுக்கு மட்டும் என்ன சலுகை? உனக்க சொந்தக்காரனாக்கும்?” என்று சிரித்தார். “பத்து நிமிஷத்தில ரத்தம் கெட்டா போவும்?”

“கெடாது சார். சுமிக்கு ரத்தம் வேணும்ணு கேட்டப்ப, பொழியூர்ல இருந்து கடலுக்குப் போறவிய வந்து தந்தாவ. பேருகூட சொல்லல்ல.”

“நல்ல மனுஷம்மாரு. பிள்ள இப்ப எத்தனாம் கிளாஸ்?”

பிஜி திரையையே பார்த்தாள்.

“அவிய வந்து சேருறதுக்கு மின்னயே அவ போயிட்டா சார். விவரம் சொன்ன பிறகும் அவிய திரும்பிப் போவல்ல. ‘வேற பிள்ளைக்கு ஆவட்டு’ண்ணு கைய நீட்டினாவ.”

பொன்னப்பன் “அது அப்படியே கெடக்கட்டு மக்கா,” என்று எழுந்து போனார்.

ஒரு மதியம் அந்த ஃபிரிட்ஜ் பதில் சொல்லவில்லை. மணி அடித்ததும் பிஜி ஓடினாள். அறையைத் துடைத்தவர்கள் கழற்றிய பிளக் தரையில் கிடந்தது. அதைச் செருகினாள். உள்ளே ரத்தப் பைகள் குளிர்ந்தே இருந்தன. கதவை மெல்லச் சாத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.