மாஸ்டருக்குப் புது வேலை

பினாங்கைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த ஜப்பான் சிப்பாய்களோடு கூடைப்பந்து ஆட வேண்டும் என்று உத்தரவு வந்ததும் விநாசித்தம்பி மாஸ்டரைப் பயம் பிடித்துக்கொண்டது. ஜெயித்துத் தொலைத்தால் கன்னத்தில் அறை விழும். அறையோடு விட்டால் புண்ணியம்.

பல வருடமாக அவர் பயிற்சி கொடுத்துவந்த கல்லூரி அணி பினாங்கில் யாரையும் ஜெயித்ததில்லை என்பது வேறு விஷயம். பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

பையன்களைக் கூப்பிட்டார். "எப்படியாச்சும் தோத்துடுங்கடா."

"அதுக்குத் தனியா வேற சொல்லணுமா சார்?" என்றான் கேப்டன் அய்யாக்கண்ணு.

ஆட்டத்தில் சிப்பாய்கள் பந்தை நழுவவிட்டார்கள். வளையத்தை விட்டு வானத்தைப் பார்த்து எறிந்தார்கள். அரிசிப் பஞ்சத்தில் ஊரைப் போலவே மரவள்ளிக்கிழங்கு தின்று அவர்களுக்கும் தெம்பு போய்விட்டது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அப்படியும் கல்லூரி அணிதான் தோற்றது. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் போட்ட திட்டம் பலித்திருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ஜப்பான் அதிகாரி முகம் சிவக்க அவரிடம் வந்து கத்தினார். கூடவே மொழிபெயர்ப்பாளர் கந்தப்பு.

"நாமதான் தோத்துட்டோமே அண்ணே, இன்னும் என்ன கோவம்?" என்று கந்தப்புவிடம் கேட்டார் மாஸ்டர்.

"அதான் கோவமே. ஊர் ஜனங்க மனசு குளிரட்டும்னு, தோத்துட்டு வரச் சொல்லித்தான் சிப்பாய்ங்கள அனுப்பினாராம். உங்ககிட்ட அவங்களால தோக்க முடியலையாம்."

மாஸ்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அறையப் போறாரா?"

"இல்ல மாஸ்டர். அடுத்த வாரம் மறுபடி ஆட்டம். அதுவரைக்கும் சிப்பாய்ங்களுக்கு நீங்கதான் கோச்சு."

"நானா?"

"தோக்கறதுக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள விட்டா பினாங்குல ஆளே இல்லன்னு நான்தான் சொல்லிவெச்சேன்."