பக்கத்து இருக்கை நாரிஸ்

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை. சொந்த ஊரில் சீசனின் முதல் கால்பந்து ஆட்டம். இருபத்தாறு வருடங்களாக நாரிஸ் உட்கார்ந்த இருக்கையில், வால்ட்டருக்குப் பக்கத்தில், ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

"வால்ட்டர் அங்கிள்தானே? நான் லோர்னா. நாரிஸோட பொண்ணு."

"அவன் எங்கம்மா? புது ஸ்ட்ரைக்கர் என்னமா ஓடுறான் பாரு! பார்த்தான்னா குதிப்பான்."

லோர்னா தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாரு, அங்கிள். நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

வால்ட்டர் தொப்பியைக் கழற்றினார். "எப்போம்மா?"

"ஜூன்ல. திடீர்னுதான். எங்களுக்கே அதிர்ச்சி."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சர்ச்சுல சின்னதா முடிச்சுட்டோம். உங்களுக்கு மனசு தாங்காதுன்னு அப்பாதான் சொல்ல வேணாம்னாரு."

"கஷ்டப்பட்டானா?"

"இல்ல அங்கிள். சிரிச்ச முகமாவே இருந்தாரு."

வால்ட்டருக்குக் கண் கலங்கியது. "ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லையே அவன்!"

"இன்னிக்கும் விடல," என்று லோர்னா எதிர்ப்பக்கம் கைகாட்டினாள்.

அங்கே, பரம எதிரிகளான ராத்மூர் ரசிகர்களின் நடுவில், அவர்களுடைய சிவப்பு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நாரிஸ் நின்றிருந்தார். பக்கத்திலிருந்த பெண்மணியின் கையைப் பிடித்தபடி, தயங்கித் தயங்கிக் கையசைத்தார்.

"ஜூன்ல அப்பா கட்டிக்கிட்ட சித்தி ராத்மூர்க்காரங்க. கல்யாணத்துக்கு அவங்க போட்ட ஒரே கண்டிஷன் இது."

வால்ட்டர் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினார்: "துரோகி! நீ செத்துட்டேன்னு நினைச்சேண்டா!"

பிறகு உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் வாசல்ல நிக்கச் சொல்லும்மா. அவனைக் கட்டிப் பிடிக்கணும். அந்த மஃப்ளரை மட்டும் கழட்டிட்டு வரச் சொல்லு."