அரை மாத்திரை

ஜெசிந்தா சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

காலை பதினொன்று. அரை மாத்திரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான் மிக்கேல், அவள் கணவன். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவன் இன்னும் தூங்கவில்லை. மாத்திரை வைத்த பெட்டியின் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னது அவள்தான்.

ஜெசிந்தா, பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஆறு வருடங்களுக்கு முன், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்னால் வந்த லாரி இடித்தது. இடுப்பெலும்பு உடைந்தது.

எலும்பு கூடிவிட்டது. வலிக்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரை நிற்கவில்லை.

நாளுக்கு இரண்டு. பிறகு நான்கு. பிறகு எட்டு.

மூன்றாம் வருடம் வயிறு வலிக்கத் தொடங்கியது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழிகிற வலி. அதற்கும் அதே மாத்திரையைப் போட்டாள். இரண்டு மணி நேரம் அடங்கும். பிறகு முன்னைவிடப் பலமாக வரும்.

ஸ்கேன் எடுத்தார்கள். எண்டோஸ்கோபி செய்தார்கள். பித்தப்பையையே எடுத்தார்கள்.

வலி அப்படியே இருந்தது.

எல்லாம் மனசுதான் என்றாள் அக்கா. அன்றோடு அக்காவிடம் பேச்சு நின்றது.

மதுரையில் பார்த்த டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, மாத்திரைகளைப் பற்றியே கேட்டார். எப்போது தொடங்கியது, எத்தனை போடுகிறீர்கள், போட்ட பிறகு எவ்வளவு நேரம் வலி அடங்குகிறது என்று. கடைசியில் சொன்னார்.

“வயித்துல வேற கோளாறு எதுவும் இல்லம்மா. இந்த மாத்திரைதான் வலிக்க வைக்குது.”

ஜெசிந்தா எழுந்துவிட்டாள். இவரும் தன் வலியைப் பொய் என்கிறார் என்று நினைத்தாள்.

டாக்டர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வலி நிஜம் என்றார். எழுதிக்கொடுத்ததைத்தானே சாப்பிட்டீர்கள், இதில் வெட்கப்பட எதுவுமில்லை என்றார். நாள்பட எடுத்தால் சிலருக்கு இந்த மாத்திரையே குடலை மந்தமாக்கி வலியைப் பெருக்கிவிடுமாம். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. வேறு மருந்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது முதலில் வலி கூடும்.

கூடியது.

வியர்வை, வாந்தி, கால் குடைச்சல். மிக்கேல் தினமும் டாக்டருக்குப் போன் செய்தான். குறைக்கிற வேகத்தை அவர் இன்னும் மெதுவாக்கினார்.

குறைக்கத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் ஜெசிந்தா தையல் மிஷின் டிராயரைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துவந்து அவன் முன் வைத்தாள். அவனுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்தது. இரண்டு குழிகள் காலியாக இருந்தன.

“இது எனக்குத் தெரிஞ்ச இடத்துல இருக்கக் கூடாது. கொண்டு போயிருங்க.”

அவன் அதை வாங்கிக்கொண்டான். அன்றே ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வந்தான்.

இன்று அறுபத்து மூன்றாம் நாள்.

வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

அவள் கண்களை இறுக மூடினாள். உடம்பு முழுவதும் விறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அது முறுக்கவில்லை. பிழியவில்லை. ஒருமுறை சத்தமாக உருண்டது. பிறகு உள்ளே ஏதோ காலியாகிக் குழிந்தது போல இருந்தது.

சத்தம் மிக்கேலுக்கும் கேட்டது. ரொம்ப முடியவில்லையென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு இப்போதே தரட்டுமா என்றான்.

“இருங்க.”

அவள் முழங்கால்களை மெல்ல நீட்டினாள். மல்லாந்து படுத்தாள். வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இது வலி இல்ல.”

பின்னே என்ன என்று அவன் கேட்டான்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி வருடங்களாகியிருந்தன.

“பசிக்குன்னு நினைக்கேன்.”

மிக்கேல் அவளையே பார்த்தான். இத்தனை நாளும் கஞ்சிதான். அதையும் மாத்திரைக்காகத்தான் குடித்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாலே எரிச்சல் படுவாள் என்பதால் அவன் கேட்பதையே விட்டிருந்தான்.

இப்போது கேட்டான்.

சாளை மீன் குழம்பு என்றாள். உடனே, வேண்டாம், தோசை என்றாள். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“கொஞ்சம் இருங்க. யோசிச்சுச் சொல்லுதேன்.”

அவன் சமையலறைக்குப் போனான். எதையும் வைக்காமலே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அவள் சொல்வதற்காக நின்றான்.