கடல் தாண்டிய தோஷம்

"கடல் தாண்டினவன் பஞ்சகவ்யம் சாப்பிடாம தங்கை கல்யாணப் பந்தியில உட்கார முடியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார் புரோகிதர் திருநாராயணாசார்.

சிங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலக யுத்தத்துக்கு மைசூர் குதிரைப்படையோடு எகிப்துக்குப் போய், துருக்கியனை விரட்டி, வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பின புருஷனுக்குச் சாணியும் கோமியமுமா?

"பாலும் நெய்யும்கூட இருக்குடா, அளசிங்கா. கண்ணை மூடிண்டு முழுங்கிடு" என்றார் மாமனார். மகனின் பதக்கத்தை அக்கிரகாரம் முழுக்கக் காட்டிவிட்டு, அவன் அங்கவஸ்திரத்தில் குத்தி வைத்திருந்தவரே அவர்தான்.

அளசிங்கன் குமட்டக் குமட்டக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, கொல்லைப்பக்கம் ஓடினான்.

பின்னாலேயே போன சிங்கம்மா பொரிந்தாள். "ஏன்னா, பீரங்கிக்கு பயப்படாதவர் ஒரு ஆசாருக்கு பயந்துட்டேளே! முடியாதுன்னு சொல்றதுக்கென்ன?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். "கத்தாதே. கப்பலைப் பார்த்ததுமே எனக்கு வயித்தைக் கலக்கிடுத்து. பம்பாய் ஆஸ்பத்திரியில போட்டுட்டுப் படை போயிடுத்து. நான் கடலைக் கரையிலேருந்து பார்த்ததோட சரி."

"அப்போ பதக்கம்?"

"அங்கேயே பழைய சாமான் கடையில வாங்கினேன்."

"தாண்டாத கடலுக்கா இவ்வளவு கூத்து? உள்ளதைச் சொல்லித் தொலைக்கறதுதானே!"

"தாண்டலைன்னா பதக்கம் ஏதுன்னு கேப்பாளே!"

கூடத்திலிருந்து ஆசாரின் குரல் கேட்டது. "அளசிங்கா, சீக்கிரம் வா! போறச்சே ஒரு தரம், வரச்சே ஒரு தரம் தாண்டியிருக்கே. இன்னொரு கிண்ணம் பாக்கி!"

அளசிங்கன் பதக்கத்தைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உள்ளே நடந்தான்.