பனி தாங்கும் பேரி

“அரசாங்கம் தந்த கன்றைப் பிடுங்கி எறிஞ்சிட்டு மரவள்ளி நட்டிருக்கிறீங்கள். எந்த முகத்தோட பரிசு கேக்கிறீங்கள்?”

வீட்டுத்தோட்டப் போட்டிக்கு நடுவராக வந்த அதிகாரி ஐயா இப்பிடிக் கேட்டதும் பரீதாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பின்ன வராதா? வெளிநாட்டுச் சாமானை எல்லாம் நிப்பாட்டி, ஒரு றாத்தல் பாணுக்குச் சனம் வரிசையில நிண்ட காலம் அது. அதுக்கு முந்தி இதே ஐயாதான் திருக்கோணமலைக்கு வந்து, உட்துறைமுகக் கரையில வீட்டுக்கு வீடு பேரிக்காய்க் கன்று குடுத்தவர்.

“பனியைத் தாங்கிற சாதி. இலையுதிர் காலத்தில காய்ச்சுக் கொட்டும்” எண்டு ஒரு பிரசங்கம் வேற.

“பனியைத் தாங்கும், சரி. எங்கட வெயிலைத் தாங்குமா ஐயா? இங்க இலை உதிர்றது தண்ணி இல்லாமத்தான்” எண்டு பரீதா அண்டைக்கே கேட்டவள். ஐயாவுக்குச் சிரிப்பு வரேல்லை.

கன்று கருவாடாக் காய்ஞ்சுது. பிடுங்கிப்போட்டு மரவள்ளி நட்டாள். அந்தக் கிழங்குதான் அவள்ட பிள்ளைகளையும், ஒழுங்கையில பாதிச் சனத்தையும் பசியில்லாமப் பார்த்தது. ஆனால் வாளி வாளியா அள்ளி ஊத்தி அவளுக்குத் தோள்மூட்டு கழண்டுபோச்சு. முதல் பரிசோ தண்ணி இறைக்கிற மெசின். அது இல்லாட்டி அடுத்த வெயிலுக்குத் தோட்டமும் இல்லை, கிழங்கும் இல்லை.

“அங்க பாருங்கோ!” ஐயா வேலிக்கு மேலால கையை நீட்டினார். “சிவபாதத்தாரைப் பார்த்துப் படியுங்கோ. இந்த மண்ணில பேரி காய்க்குமெண்டு கொழும்புக்கு எழுதினவன் நான்!”

பக்கத்து வளவுச் சிவபாதம் துறைமுகத்தில கிளாக்கரா இருந்து இளைப்பாறினவர். அவர்ட பேரியில இலையை விரல்விட்டு எண்ணலாம். பழம் மட்டும் கொழுகொழுவெண்டு தொங்குது.

“நேத்துப் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் பார்த்தன், பூக்கூட இல்ல. ஒரே ராவில பழுத்திட்டுதோ?” எண்டாள் பரீதா.

“உங்களுக்கு வயித்தெரிச்சல்!” எண்டார் ஐயா.

சிவபாதம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டார். ‘சீ, வெக்கங்கெட்ட மனிசன்! என்ட கிழங்கைத் திண்டிட்டு என்ட மெசினுக்கே வழி பார்க்கிறாரே’ எண்டு பரீதாவுக்கு மனம் கொதிச்சுது.

வேலியைப் பிரிச்சுக்கொண்டு பாய்ஞ்சாள். எட்டி ஒரு பழத்தை இழுத்தாள். பழத்தோட ஒரு முழம் வெள்ளை நூலும் வந்தது.

“எல்லாரும் வந்து பாருங்க! பேரி நூலும் காய்க்குது!”

ஒழுங்கையே கொல்லெண்டு சிரிச்சுது. ஐயாவின்ட முகம் கறுத்துப்போச்சு. கூடின சனத்தை ஒருக்காப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“அரசாங்கத்தை ஏமாத்திற ஆக்களுக்குப் பரிசில்லை! மெசின் இந்தத் தங்கச்சிக்குத்தான்!”

சனம் கைதட்டிச்சுது. பரீதாவுக்குக் கண் கலங்கிப்போச்சு. ‘நியாயமான மனிசன். வீணா மனசுக்குள்ள ஏசிட்டனே’ எண்டு அவளுக்குக் கூச்சமாயும் இருந்தது.

ஐயா விடுறாப்போல இல்லை. “வெக்கமா இல்லையோ சிவபாதம்? கப்பல்ல வந்த பழத்தை மரத்தில கட்டிச் சனத்தைப் பேய்க்காட்டுறீரோ? உம்மைப்போல ஆக்களாலதான் நாடு உருப்படேல்லை!”

மெசினும் போய் மானமும் போய் நிண்ட சிவபாதம் அப்பதான் தலையை நிமிர்த்தினார்.

“நான் அப்பவே சொன்னனான் ஐயா, வெள்ளை நூல் தெரியும், பச்சை நூலாக் கொண்டுவாங்கோ எண்டு. நீங்கள்தான் கேளாம, விடியப்போகுதெண்டு அவதிப்பட்டுக் கட்டினனீங்கள்.”